பட்டுக்கழிவுப் புரதம்: மீனுக்கு உணவா, காயத்துக்கு மருந்தா, வயலுக்குக் காப்பா?

பட்டில் நூல் போக மிஞ்சுவதை என்ன செய்வது என்ற கேள்வி பட்டுத் தொழில் தோன்றிய நாளிலிருந்தே இருக்கிறது. மீன்குளத்தில் போடலாம் என்பது சீன உழவரின் பழைய விடை. மறுபடியும் நூற்கலாம் என்றார்கள் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஆலை முதலாளிகள். முகப்பூச்சில் சேர்க்கலாம் என்றது ஜப்பானியத் தொழில்துறை. எலும்பையும் தோலையும் சீரமைக்க உதவும் என்கின்றன இன்றைய ஆய்வுக்கூடங்கள். ஒவ்வொரு விடைக்கும் ஆதாரம் உண்டு, குறையும் உண்டு. இவற்றை வரிசைப்படுத்தி, எது எந்தக் கழிவுக்குப் பொருந்தும், எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டின் நிலையும், அதிலும் நீலகிரி மலையும் அதன் அடிவாரமும் இந்தக் கேள்வியோடு கொண்டுள்ள சிறிய, ஆனால் தனித்தன்மையுள்ள தொடர்பும் இதில் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன.

எது கழிவு?

‘பட்டுக்கழிவு’ என்று ஒரே சொல்லால் குறித்தாலும் அதில் குறைந்தது மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் இத்துறையின் வாதங்கள் பல ஒன்றையொன்று சந்திக்காமலே போகின்றன.

முதலாவது கூட்டுப்புழு. நல்ல பைவோல்டின் (இருதலைமுறை) வெண்பட்டுக்கூட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உள்ளிருக்கும் புழுவின் எடைதான். ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க ஆறு முதல் ஏழு கிலோ கூடு வேண்டும் என்று கொண்டால், ஒரு கிலோ நூலுக்கு ஐந்து கிலோ அளவுக்கு ஈரமான கூட்டுப்புழு மிஞ்சும். உலர்த்தினால் இது நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். உலர்ந்த புழுவில் ஏறக்குறையப் பாதி புரதம். கால்வாசிக்குக் குறையாமல் எண்ணெய்.

இரண்டாவது நூலாக வராத இழை. கூட்டின் வெளிப்புறப் பஞ்சு, நுனி தேடும்போது பிரியும் தும்பு, புழுவை ஒட்டி நிற்கும் கடைசி உட்சவ்வு, கறைபட்ட கூடு, இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு, பூச்சி வெளிவந்து துளைபட்ட விதைக்கூடு எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் இருப்பது பெரும்பாலும் ஃபைப்ராயின் என்னும் இழைப்புரதம். கிளைசினும் அலனினும் அடுக்கடுக்காக அமைந்து, பட்டுக்கு வலிமையைத் தருவது அதுவே.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாமல் போவது. இரண்டு ஃபைப்ராயின் இழைகளை ஒட்டிவைக்கும் பசைப்புரதமாகிய செரிசின், கச்சாப் பட்டின் எடையில் கால்வாசி அளவு இருக்கும். நெசவுக்கு முன் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டுப் பசை நீக்குவார்கள். விறைப்பாகவும் மங்கலாகவும் இருந்த சிட்டம் குழைந்து மினுமினுக்கத் தொடங்கும்போது, தொட்டி நீர் கலங்கி நுரைக்கும். ஆறினால் அந்த நீர் வழவழப்பாகத் தடிக்கும். நெசவாளருக்கு வேண்டியது சிட்டம். தொட்டி நீர் சாக்கடைக்குப் போகும். புரதச் சுமை மிகுந்த அந்த நீர் எங்கே சேர்ந்தாலும் அங்குள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் என்பதால் இது சூழல் பிரச்சினையும்கூட.

அளவுகளைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவின் கச்சாப் பட்டு உற்பத்தி 2022-23இல் 36,582 டன். தமிழ்நாட்டின் பங்கு இரண்டாயிரம் டன்னுக்கு மேல். இரண்டாயிரம் டன் என்றே வைத்துக்கொண்டாலும் ஈரக் கூட்டுப்புழு பத்தாயிரம் டன் அளவுக்கும், செரிசின் ஐந்நூறு டன்னை ஒட்டியும் வரும். உலக அளவில் ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் உலர்கூட்டிலிருந்து ஐம்பதாயிரம் டன் செரிசின் வீணாகிறது என்ற கணக்கைச் சீன ஆய்வாளர் யூ-சிங் ஜாங் 2002இல் வெளியிட்டார். அன்றிலிருந்து இத்துறையின் பெரும்பாலான கட்டுரைகள் அந்த எண்ணையே எடுத்தாள்கின்றன. அது கோட்பாட்டளவில் கிடைக்கக்கூடிய உச்ச அளவு. உண்மையில் திரட்டக்கூடியது எவ்வளவு என்பது வேறு கேள்வி.

முதல் விடை: மீண்டும் நூலாக்குதல்

நூலாக வராத இழையை நூலாக்குவதே மிகப் பழைய தொழில்முறை விடை. பிராட்ஃபோர்டைச் சேர்ந்த சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர் 1850களில் லண்டன் கிடங்குகளில் வாங்குவாரின்றிக் கிடந்த பட்டுக்கழிவைச் சல்லிசாக வாங்கினார். சீவி நூற்கும் இயந்திரத்தை உருவாக்கப் பல ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் செலவிட்டு, கடைசியில் மேனிங்ஹாம் ஆலையின் செல்வத்தை அதிலிருந்தே ஈட்டினார். இந்தியாவிலிருந்து கப்பலேறிய கழிவும் அந்த ஆலைகளுக்குப் போனது. பின்னாளில் கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் அசாமின் ஜாகிரோடிலும் கழிவுப்பட்டு நூற்பாலைகள் தோன்றின.

இந்த விடைக்குச் சந்தை ஏற்கெனவே இருக்கிறது. தொழில்நுட்பம் தெளிவாகத் தெரிந்தது. இழை இழையாகவே நீடிப்பதால் அதன் வலிமை கெடுவதில்லை. ஆனால் கிடைக்கும் நூல் கச்சாப் பட்டின் விலைக்கு வராது. கழிவு தரம் பிரிக்கப்பட்டு, அழுகாமல், போதிய அளவில் ஓரிடத்தில் சேர வேண்டும். சிறுசிறு நூற்பகங்களாகச் சிதறிக் கிடக்கும் தொழிலில் இது எளிதல்ல. இடைத்தரகர் கையில்தான் கழிவு திரள்கிறது, லாபமும் அங்கேயே தங்கிவிடுகிறது. மேலும் இந்த முறை இழைக்கு மட்டுமே விடை சொல்கிறது. பசையைப் பற்றியும் புழுவைப் பற்றியும் அதற்குச் சொல்ல எதுவுமில்லை.

இரண்டாம் விடை: தீவனமும் உணவும்

தென்சீனத்தின் முத்தாற்றுக் கழிமுகத்தில் மல்பெரிக் கரைகளையும் மீன்குளங்களையும் இணைத்த பண்ணைமுறை பல நூற்றாண்டு வழங்கியது. புழுவின் எச்சமும் கூட்டுப்புழுவும் மீனுக்கு. குளத்தின் சேறு மல்பெரிக்கு. கழிவு என்ற பிரிவே அங்கு எழவில்லை. கொரியாவில் வேகவைத்த கூட்டுப்புழு தெருவோரத் தின்பண்டம். வடகிழக்கு இந்தியாவில் எரிப்பட்டின் புழு விரும்பி உண்ணப்படும் உணவு. சில குடும்பங்களில் நூலைவிடப் புழுவுக்கே முதன்மை. தமிழ்நாட்டில் நூற்பகத்துப் புழு பெரும்பாலும் உலர்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் போகிறது, மிஞ்சியது எருக்குழிக்கு.

மீன்தூளின் விலை ஏறஏற இந்த விடைக்குப் புது மதிப்பு வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மல்பெரிப் பட்டுப்புழுவை நீர்வாழ் உயிரினத் தீவனத்துக்கு அனுமதிக்கப்பட்ட பூச்சிகளின் பட்டியலில் சேர்த்தது. மீன்தூளில் ஒரு பகுதியைக் கொழுப்பு நீக்கிய புழுத்தூளால் ஈடுசெய்தால் வளர்ச்சி குன்றுவதில்லை என்ற திசையில் பல சோதனைகள் பேசுகின்றன. முழுவதையும் மாற்றலாம் என்ற கூற்றுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை.

குறைகளும் வெளிப்படையானவை. தொட்டியிலிருந்து எடுத்த புழு சில மணி நேரத்திலேயே நாறத் தொடங்கும். அதன் எண்ணெயில் பூரிதமாகாத கொழுப்பமிலங்கள் மிகுதி. உடலுக்கு நல்லது என்று போற்றப்படும் அதே கொழுப்பு விரைவில் ஊசிப்போகும், அந்த வாடை முட்டையிலும் இறைச்சியிலும் ஏறக்கூடும். உடனே உலர்த்த வெப்பம் வேண்டும். சிறு நூற்பகத்துக்கு அது கூடுதல் செலவு. மனித உணவு என்று வரும்போது ஒவ்வாமையும் கவனத்துக்குரியது: இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பட்டுப்புழுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

மூன்றாம் விடை: பசையை மீட்டெடுத்தல்

செரிசினை வேதியியலாளர்கள் கவனித்தது நேற்றல்ல. எமில் கிராமர் 1865இல் பட்டுப்பசையிலிருந்துதான் செரின் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். செரிசினின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. நீரை இழுத்துப் பிடிக்கும் இயல்பு அதிலிருந்து வருகிறது. ஆனாலும் பொருளாகப் பயன்படுத்தும் முயற்சி நெடுங்காலம் வரவில்லை. 1998இல் ஜப்பானில் கத்தோவும் உடன்பணியாளர்களும் செரிசின் கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தையும், தோலில் நிறமி உருவாக்கும் டைரோசினேஸ் நொதியையும் தடுக்கிறது என்று காட்டிய பிறகு அழகுப் பொருள் துறையின் கவனம் அதன்மேல் விழுந்தது. ஃபுக்குயியைச் சேர்ந்த செய்ரென் என்ற நெசவுத்துறை நிறுவனம் தன் தொழிலின் கழிவையே அழகுப் பொருளாக்கி விற்றது இத்துறையின் முன்னோடி வெற்றி.

பிரித்தெடுக்கும் வழிகள் பல. சோப்புக்குப் பதிலாக அழுத்தக் கலத்தில் 120 டிகிரி வெந்நீரால் மட்டுமே பசை நீக்கினால் தூய செரிசின் கரைசல் கிடைக்கும். அதைச் சவ்வு வடிகட்டிகளில் செலுத்திச் செறிவூட்டி, தூளாக உலர்த்தலாம். அமிலம் சேர்த்தோ எத்தனால் ஊற்றியோ படியவும் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. சோப்பு கலந்த நீரிலிருந்து செரிசினைப் பிரிப்பது கடினம். வெந்நீர் முறை புரதச் சங்கிலியைக் கண்டபடி துண்டாக்குகிறது: சில துண்டு இருபதாயிரம் டால்டன், சில நான்கு லட்சம். துண்டின் நீளம் மாறினால் படலமாகும் தன்மையும் கரைதிறனும் தோலில் ஊடுருவும் விதமும் மாறும். இரண்டு ஆய்வுகள் ‘செரிசின்’ என்ற ஒரே பெயரால் இரண்டு வேறு பொருள்களைப் பேசிக்கொண்டிருக்கலாம். முரண்பட்ட முடிவுகள் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு தடை இருக்கிறது. கூடு தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஈரோட்டிலும் கோவையிலும் உருவாகிறது. நெசவு காஞ்சிபுரம், ஆரணி, சேலம் பக்கம். செரிசின் பயணம் செய்வது நூலோடு. அது வெளியேறுவது சாயப்பட்டறையில். உழவருக்கு உதவ அமைந்த திட்டங்களின் கண்ணில் இந்த இடம் படுவதில்லை. நெசவுத் திட்டங்களோ தொட்டி நீரை மாசு என்ற கணக்கில் மட்டுமே பார்க்கின்றன.

நான்காம் விடை: மருத்துவப் பொருள்

கடந்த முப்பது ஆண்டுகளில் மிக அதிகமாக எழுதப்பட்டது இந்தப் பகுதியில்தான். பட்டுநூல் தையல் அறுவை மருத்துவத்தில் பழையது. புதிது என்னவென்றால் ஃபைப்ராயினைக் கரைத்து வேறு வடிவம் கொடுப்பது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கேப்லன் குழு செப்பனிட்ட முறை இன்று உலகம் முழுவதும் பாடமாகிவிட்டது. கூட்டைத் துண்டாக்கி அரைமணி நேரம் சலவைச் சோடா நீரில் கொதிக்கவைத்துப் பசையைப் போக்க வேண்டும். உலர்ந்த இழையைச் செறிந்த லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் அது தேன்போல் இளகும். பிறகு இரண்டு மூன்று நாள் சவ்வுப் பையில் கட்டி, நீரை மாற்றிமாற்றி உப்பை வெளியேற்றினால் கையில் கிடைப்பது நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு புரதமுள்ள நீர்க்கரைசல். அதிலிருந்து படலம், கடற்பஞ்சு, கூழ், நுண்துகள் எதையும் வார்க்கலாம்.

இந்த முறைக்கு இழையின் நீளம் ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் கழிவுக்கு வாய்ப்பளிக்கும் செய்தி. துளைபட்ட கூடும் முதல்தரக் கூடும் கரைந்தபின் ஏறக்குறைய ஒன்று. ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணமுண்டு: பலமுறை கொதித்த கழிவு, கறை, பூஞ்சை, பூச்சிக்கொல்லி எச்சம் இவை மருத்துவத் தரத்தில் பொறுக்கப்படமாட்டா.

இந்தியாவில் ஐஐடி கரக்பூரில் எஸ்.சி. குண்டுவின் குழு மல்பெரிப் பட்டோடு தசார் பட்டின் புரதங்களையும் நெடுங்காலம் ஆராய்ந்தது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலிருந்து கிளைத்த செரிஜென், எலும்புக் குழி நிரப்பும் பட்டுப்புரதப் பொருளில் ஈடுபட்டிருக்கிறது. பெங்களூரின் ஃபைப்ரோஹீல் பட்டுப்புரதக் காயக்கட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செரிசினிலும் மருத்துவ முயற்சி உண்டு. தாய்லாந்தின் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் போர்னானோங் அரம்வித் குழு வெள்ளி-துத்தநாக சல்ஃபாடையசின் களிம்பில் செரிசினைச் சேர்த்து, 29 பேரின் 65 தீக்காயங்களில் சோதித்து 2013இல் வெளியிட்டது. செரிசின் சேர்ந்த காயங்கள் ஏறத்தாழ 22 நாளிலும் சேராதவை 29 நாளிலும் ஆறின என்பது அதன் முடிவு. ஊக்கமளிக்கும் முடிவுதான், ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாது.

இங்கே ஒரு நீண்ட சர்ச்சையையும் குறிப்பிட வேண்டும். பட்டுத் தையலால் சிலருக்கு ஏற்பட்ட அழற்சிக்குச் செரிசினே காரணம் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. அதனால்தான் மருத்துவப் பட்டில் பசையை முற்றிலும் நீக்குகிறார்கள். 2003இல் பானிலைட்டிஸ் முதலானோர் நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் சோதித்தபோது செரிசின் தனியாகப் பெரிய எதிர்வினையைத் தூண்டவில்லை; பாக்டீரிய நச்சோடு சேரும்போது வேறுவிதம் என்று தெரிந்தது. செரிசின் குற்றவாளி என்ற தீர்ப்பு இன்று தளர்ந்திருக்கிறது. முற்றாக விடுதலை பெற்றுவிட்டது என்று சொல்லவும் போதிய மனிதச் சோதனை இல்லை.

மருத்துவ விடையின் அடிப்படைக் குறை வேறு. ஒரு காயக்கட்டுக்கு வேண்டியது கிராம் கணக்கு. கழிவு வருவது டன் கணக்கில். மிக வெற்றிகரமான மருத்துவப் பொருளும் ஒரு மாவட்டத்தின் கழிவைக்கூட உறிஞ்சாது. லித்தியம் புரோமைடின் விலையும் பெரிய அளவு உற்பத்திக்குத் தடை. கால்சியம் குளோரைடு, எத்தனால், நீர் மூன்றும் கலந்த மலிவான கரைப்பான் உண்டு. ஆனால் அதிலும் உப்பை நீக்கும் நாட்களும் நீரும் குறைவதில்லை.

ஐந்தாம் விடை: வயலுக்கும் பழத்துக்கும்

மருத்துவத்துக்கும் தீவனத்துக்கும் நடுவில் ஒரு புதிய களம் திறந்திருக்கிறது. டஃப்ட்ஸின் ஃபியோரென்சோ ஓமெனெட்டோவும் பெனெடெட்டோ மரெல்லியும் உடன்பணியாளர்களும் 2016இல் ஸ்ட்ராபெரியையும் வாழைப்பழத்தையும் மெல்லிய ஃபைப்ராயின் கரைசலில் தோய்த்து, குளிரூட்டாமலே அவை கூடுதல் நாள் கெடாமல் நிற்பதைக் காட்டினார்கள். பின்னர் எம்.ஐ.டி.யில் மரெல்லி குழு, ஃபைப்ராயினும் டிரெஹலோஸ் சர்க்கரையும் கலந்த பூச்சில் வேர்நுண்ணுயிரிகளை விதைமேல் உயிரோடு நிறுத்த முயன்றது. 2022இல் அதே குழு பிஏஎஸ்எஃப் நிறுவனத்தோடு சேர்ந்து, களைக்கொல்லியைப் பொதியும் நுண்ணுறைகளைப் பட்டுப்புரதத்தால் செய்தது. நெசவுக்கு உதவாத தரக்குறைவான பட்டே போதும் என்பது அந்த ஆய்வின் வெளிப்படையான வாதம். மக்காச்சோளப் பயிரில் சோதித்தபோது வணிகப் பொருளுக்கு நிகராகவோ சற்று மேலாகவோ களையை அடக்கியது. பயிருக்கு ஏற்பட்ட சேதம் குறைவு.

இந்தக் களத்தில் காத்திருக்கும் சந்தை சிறியதல்ல. வேண்டுமென்றே பொருள்களில் சேர்க்கப்படும் நுண்பிளாஸ்டிக் ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 42,000 டன் சூழலில் கலக்கிறது என்று அங்குள்ள வேதிப்பொருள் முகமை கணித்தது. 2023இல் அதற்குக் கட்டுப்பாடும் வந்தது. மாற்றுத் தேடும் நிறுவனங்களுக்குப் பட்டுப்புரதம் ஒரு வாய்ப்பு. ஆனால் வேளாண் பொருளின் விலை மருந்தின் விலை அல்ல. பாலிமர் உறை கிலோவுக்கு என்ன விலையோ அதை நெருங்க வேண்டும். கைட்டோசான், ஜெலட்டின், மாவுப்பொருள் எல்லாம் அதே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பட்டு வெல்லும் என்று இப்போதே சொல்வதற்கில்லை.

நீலகிரியிலிருந்து பார்த்தால்

நீலகிரி பட்டுக்கூடு விளையும் மாவட்டம் அல்ல. இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய உதகையின் குளிரில் மல்பெரி மெல்ல வளரும். 23 முதல் 28 டிகிரி கேட்கும் புழுவுக்கு அறையைச் சூடாக்க வேண்டும். தேயிலையோடு போட்டியிட அதனால் முடியாது. ஆனால் வெயில் தாங்காத பைவோல்டின் தாய் இனங்களைப் பேணும் விதைப்பணிக்குக் குன்னூரின் மிதமான குளிர் ஏற்றது. அந்தப் பணி அங்கே நெடுங்காலமாக நடந்துவந்திருக்கிறது. மலைக்கு வடக்கே கொள்ளேகால் 1956 வரை சென்னை மாகாணத்தின் பட்டுமையம். தெற்கே அடிவாரத்தில் மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி பட்டு வளர்ப்பியல் பட்டப்படிப்பு நடத்துகிறது. மலைநீரைச் சுமந்து இறங்கும் பவானியின் படுகையில் சத்தியமங்கலமும் கோபிசெட்டிபாளையமும் கூடு விளையும் ஊர்கள்.

விதைப்பணியின் கழிவு நூற்பகத்தின் கழிவிலிருந்து வேறுபட்டது. முட்டை தயாரிக்கும் வித்தகத்தில் புழுவைக் கொல்வதில்லை. பூச்சி தன் வாயிலிருந்து கசியும் நொதியால் கூட்டின் ஒரு முனையை நனைத்து, பசையை இளக்கி, இழைகளை ஒதுக்கிக்கொண்டு வெளியே வரும். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, பெப்ரைன் நோய் இருந்தால் அந்த முட்டைத் தொகுதியை அழிப்பார்கள். பிரான்சில் 1865 முதல் இந்நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டர் வகுத்த அதே முறை. மிஞ்சும் துளைக்கூடு சூட்டடுப்பையோ சோப்பு நீரையோ பார்க்காதது. எந்த இனம், எந்த அறை, எந்தத் தேதி என்ற பதிவோடு வருவது. நூற்பாளருக்கு இது தள்ளுபடிப் பொருள்; புரதம் தேடுபவருக்கோ சங்கிலி சிதையாத ஃபைப்ராயினும் சோப்புப் படாத செரிசினும் ஒருங்கே கிடைக்கும் மூலப்பொருள். அளவு குறைவு என்பது இங்கே குறையாகாது, ஏனெனில் மருத்துவ விடை கேட்பதும் குறைந்த அளவும் உயர்ந்த தூய்மையும்தான். நோய்ச்சோதனையில் தேறாத தொகுதிகளின் கூடுகளை முதலிலேயே விலக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் உண்டு.

1907 முதல் குன்னூரில் இயங்கும் பாஸ்டர் நிறுவனம் உயிரணு வளர்ப்பில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரித்த நிறுவனம். உயிரணு வளர்ப்பில் கன்றுக்குட்டி இரத்தநீருக்கு மாற்றாகச் செரிசினைப் பயன்படுத்தலாம் என்று 2000களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வுகள் சுட்டின. இரண்டையும் இணைத்துக் கனவு காண்பது எளிது. ஆனால் தடுப்பூசித் தயாரிப்பில் எந்தப் பொருளையும் மாற்றுவது ஆண்டுக்கணக்கான சரிபார்ப்பைக் கேட்கும். தொகுதிக்குத் தொகுதி மாறும் செரிசின் அந்த வாசலைத் தாண்டுவது அரிது.

மலையின் இரண்டு பழைய அனுபவங்கள் இதைவிடப் பயனுள்ள பாடம் தருகின்றன. முதலாவது ஜெலட்டின். உதகை அருகே சாண்டிநல்லாவில் மாட்டெலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் ஆலை அமைந்தது. 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் தொழிலான படச்சுருளின் ஒளியுணர் பூச்சுக்கும் ஜெலட்டின் அடிப்படை. படச்சுருள் காலம் முடிந்தது. ஜெலட்டின் மருந்து உறையிலும் உணவிலும் நிலைத்தது. இறைச்சித் தொழிலின் கழிவாகிய எலும்பு உலகச் சரக்கானதற்கு அதன் வேதியியல் மட்டும் காரணமல்ல. எலும்பைத் திரட்டும் வலை இருந்தது. கூழின் உறுதியை ‘புளூம்’ எண்ணால் அளந்து தரம் பிரிக்கும் பொது அளவுகோல் இருந்தது. செரிசினுக்கு இன்றுவரை அப்படியொரு எண் இல்லை.

இரண்டாவது தேயிலைக் கழிவு. காஃபின் எடுக்கப் பயன்படும் தேயிலைக் கழிவுக்கு விலை வந்ததும் அது திரும்பக் குடிக்கும் தேயிலையில் கலக்கும் ஆபத்தும் வந்தது. அதைத் தடுக்கத்தான் 1959ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை உரிமம், பதிவேடு, குடிக்க உதவாதபடி மாற்றுதல் என்று விதி வகுத்தது. பட்டுக்கழிவுக்கு விலை ஏறும்போதும் இதே நிலை வரும். ஊசிப்போன புழுத்தூள் தீவனத்திலும், சோப்பு கலந்த தூள் ‘தூய செரிசின்’ என்ற பெயரில் முகப்பூச்சிலும் நுழையும். சந்தை உருவாகும் முன்பே விதியை யோசிப்பது நல்லது என்பதற்கு மலைக்காரர்களுக்கு வேறு சான்று வேண்டாம்.

ஐயம் எழுப்புவோர்

எல்லா விடைகளுக்கும் எதிராக ஒரு தரப்பு உண்டு. கழிவு இலவசம், ஆகவே அதிலிருந்து செய்வது எதுவும் பசுமை என்ற எடுகோளை அவர்கள் ஏற்பதில்லை. அஸ்துதியோ, தால்விட்ஸ், வால்ராத் மூவரும் 2014இல் இந்தியப் பட்டின் வாழ்க்கைச்சுழற்சியை மதிப்பிட்டபோது, பாசனம், உரம், எரிபொருள் எல்லாம் சேர்த்துப் பட்டின் சூழல் சுமை மற்ற இயற்கை இழைகளைவிடக் கூடுதலாகவே வந்தது. கழிவு விலையுள்ள துணைப்பொருளானால் அந்தச் சுமையில் ஒரு பங்கை அதுவும் ஏற்க வேண்டும். நூலின் கணக்கு இலேசாகும், ஆனால் செரிசின் தூளின் கணக்கு கனக்கும். கரைப்பான், உலர்த்தும் வெப்பம், சவ்வு வடிகட்டியின் மின்சாரம் இவையும் சேர்ந்தால் சில பொருள்கள் தாம் ஈடுசெய்ய வந்த பிளாஸ்டிக்கைவிடச் சுமையாகிவிடலாம். பத்து நூற்பகத்துப் புழுவை ஒரு லாரியில் ஏற்றிச் சுற்றுவதைவிட அருகிலுள்ள மல்பெரித் தோட்டத்துக்கே எருவாகப் போடுவது மேல் என்று இவர்கள் சொன்னால் எளிதில் மறுக்க முடியாது.

இத்தரப்பின் குறை, இன்றுள்ள நிலையைச் சுமையற்றதாகக் கொள்வது. சாக்கடையில் போகும் பசைநீரும் திறந்த வெளியில் அழுகும் புழுவும் கணக்கில் சேர வேண்டியவை. ஒப்பிட வேண்டியது தூய்மையான எருக்குழியோடு அல்ல, நடப்பிலுள்ள குப்பைமேட்டோடு.

மதிப்பீடு

இந்த ஐந்து விடைகளையும் ஒரே அளவுகோலில் நிறுத்தி எது சிறந்தது என்று கேட்பது பயன் தராது. உடலுக்கு நெருங்க நெருங்க விலை ஏறுகிறது, தேவைப்படும் அளவு குறைகிறது. மண்ணுக்கும் மீனுக்கும் நெருங்க நெருங்க அளவு கூடுகிறது, விலை இறங்குகிறது. ஆகவே கூட்டுப்புழுவுக்குத் தீவனமும், நூற்பகத்து இழைக்கழிவுக்கு நூற்பும் வேளாண் பூச்சும், வித்தகத்துத் துளைக்கூட்டுக்கு மருத்துவப் புரதமும் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வழி காண்பதே இன்றைய ஆதாரங்களுக்குப் பொருந்துகிறது. செரிசின் மட்டும் இன்னும் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

தீராத கேள்விகள் சில உண்டு. சோப்பில்லாத பசைநீக்கத்தைச் சாயப்பட்டறைகள் ஏற்குமா? ஏற்றால் காஞ்சிப்பட்டின் மினுக்கும் சாயப்பிடிப்பும் அப்படியே இருக்குமா? செரிசினின் தரத்தை எந்த அளவால் குறிப்பது, அதை வகுப்பது 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியப் பட்டு வாரியமா, மருந்து ஒழுங்குமுறை அமைப்புகளா? பெரிய அளவிலான மருத்துவச் சோதனைக்கு யார் பணம் தருவது? கழிவுக்குக் கிடைக்கும் விலையில் கூடு வளர்க்கும் உழவருக்கும் தொட்டியருகே நின்று கை வெந்துபோகும் நூற்புத் தொழிலாளிக்கும் பங்கு உண்டா? முதல் இரண்டு கேள்விகளுக்கு ஓரிரு பட்டறைகளில் முறையாகச் செய்யும் முன்னோட்டமே ஓரளவு விடை தந்துவிடும். மற்றவை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே முடிவாக வேண்டியவை. பட்டுப்புரதம் எதுவாக மாறும் என்பதற்கு வேதியியல் கிட்டத்தட்டப் பதில் சொல்லிவிட்டது. யார் திரட்டுவது, எந்தத் தரத்தில், என்ன விலைக்கு என்பவற்றுக்குத் தொழிலும் அரசும் இன்னும் சொல்லவில்லை.